நல்ல இருட்டாகப் பார்த்து வாங்குங்கள்: ஹாலிவுட் நுவார் படங்களை டிஸ்க்கில் சேர்க்கத் தொடங்குபவருக்கு

'டபுள் இன்டெம்னிட்டி' தொடங்கிச் சில நிமிடங்களில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பணக்கார வீடொன்றுக்குள் நுழைவான். வெளியே நல்ல வெயில். உள்ளே கூடத்தில் பாதி இருட்டு; ஜன்னல் பட்டைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக விழுந்துகிடக்கும். 1944இல் இதைப் படம்பிடித்த ஜான் சைட்ஸ், பூட்டிக்கிடக்கும் வீட்டின் புழுதி கண்ணில் படவேண்டும் என்று நைஸாக அரைத்த அலுமினியத் தூளைக் காற்றில் ஊதவைத்தார். என்னிடம் இருந்த பழைய டிவிடியில் கோடுகள் தெரிந்தன, தூசி தெரியவில்லை. பிளூ-ரே வந்த பிறகுதான் அந்த வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தேன். ஒரே படத்துக்கு இரண்டாம் முறை காசு கொடுத்தது தூசிக்காகத்தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நம் வீட்டிலேயே துடைக்காமல் கிடக்கிறதே, அதைப் பாருங்கள் என்றார்கள்.

நுவார், அதாவது நாற்பதுகள் ஐம்பதுகளின் இருண்ட ஹாலிவுட் க்ரைம் படங்கள், சேர்ப்பதில் இருக்கும் சூட்சுமமே இதுதான். இந்தப் படங்களில் கறுப்புதான் கதை. கறுப்பு சாம்பலாக வெளுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு கொலை, ஒரு தொப்பி, ஒரு சிகரெட். ஆகவே எந்தப் படம் என்று மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. எந்தப் பிரதி என்று பார்த்து வாங்கவேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

நுவார் என்ற பெயர் ஹாலிவுட் வைத்துக்கொண்ட பெயர் அல்ல. போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு வராமல் நின்றுபோன அமெரிக்கப் படங்கள் 1946இல் மொத்தமாகப் பாரிஸில் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்த நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அப்போது எழுதிய பெயர் அது. பிரெஞ்சில் 'கறுப்பு' என்று பொருள். எடுத்தவர்களுக்கு அவை வெறும் க்ரைம் படங்கள், மெலோடிராமாக்கள். பொதுவாக 1941இன் 'த மால்டீஸ் ஃபால்கன்' முதல் 1958இன் 'டச் ஆஃப் ஈவில்' வரை என்று எல்லை போடுவார்கள். 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' பார்த்து, ஒளிப்பதிவாளர் மாருதிராவ் போட்ட நிழல்களில் மனம் போனவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாக இருக்காது.

முதலில் பிளேயர், பிறகுதான் டிஸ்க்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். ஆசையாக நான்கு பிளூ-ரேக்களை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து முதல் டிஸ்க்கைப் போட்டால், 'இந்த ரீஜனில் இயங்காது' என்று ஒரு வரி. ஏழு மாதம் அவை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் கிடந்தன.

பிளூ-ரேக்கு உலகை மூன்று ரீஜனாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. டொரொன்டோவில் இருப்பவர் கடையில் கிடைக்கும் சாதாரண பிளேயரை வாங்கி அமெரிக்க டிஸ்க்குகளை நேராகப் போட்டுவிடலாம். லண்டன்காரருக்குப் பிரிட்டிஷ் பதிப்புகள் ஓடும், அமெரிக்கப் பதிப்புகள் பல ஓடாது. சென்னை, கொழும்பு ஆட்களுக்கு இரண்டுமே சிக்கல், ஏனென்றால் சி ரீஜனுக்கென்று நுவார் யாரும் வெளியிடுவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றியமைத்த பிளேயர் ஒன்றே வழி. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது ஒருமுறைச் செலவு.

டிவிடிக்கு வேறு கணக்கு: அமெரிக்கா, கனடா 1, பிரிட்டனும் ஜப்பானும் 2, இந்தியா 5. நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் ஏதோ எண்ணை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். பிளூ-ரேயில் அந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. கம்ப்யூட்டர் டிரைவில் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் கவனம்: டிவிடி ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதோடு அந்த டிரைவ் அந்த ஊர்க்காரராகிவிடும்.

பிளூ-ரேக்கு அடுத்து வந்த, அதைவிடக் கூர்மையான 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் கிடையாது. ஆனால் 4கே பெட்டிக்குள் கூடவே ஒரு பிளூ-ரே வைப்பார்கள். அதற்கு ரீஜன் உண்டு, கூடுதல் அம்சங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து பிளேயரையே தூக்கிவருபவர்கள் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் சரி. வெறும் 120 என்று இருந்தால், நம் வீட்டுப் பிளக்கில் சொருகியதும் புகை வரும்.

சாம்சங் 2019லேயே புதிய பிளேயர்களை நிறுத்திக்கொண்டது. நல்ல பிளேயர் கண்ணில் பட்டால் தள்ளிப்போடவேண்டாம்.

டிவிடியா, பிளூ-ரேயா, 4கேயா

பிளூ-ரே. யோசிக்கவே வேண்டாம்.

டிவிடியில் ஒரு படச்சட்டகத்துக்கு 480 கோடுகள், ஐரோப்பிய முறையில் 576. பிளூ-ரேயில் 1080. கூர்மையை விட எனக்கு முக்கியம் இருட்டுக்குள் இருக்கும் படிநிலை. கறுப்புக் கோட்டு போட்டவன் கறுப்புச் சுவரோரம் நிற்கும்போது கோட்டின் விளிம்பு தெரிகிறதா இல்லையா என்பதுதான் சோதனை. டிவிடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கட்டம் கட்டமாக உடையும். 4கே அருமைதான்; ஆனால் பெரிய திரை, நல்ல டிவி எல்லாம் இருந்தால்தான் வித்தியாசம் புரியும். முதல் இருபது படத்துக்கு அது தேவையில்லை.

அதற்காக டிவிடியை ஒதுக்கிவிடவும் முடியாது. பிளூ-ரேக்கே வராத படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வார்னர் 2009 மார்ச்சில் 'வார்னர் ஆர்க்கைவ்' என்று ஒன்றைத் தொடங்கி, ஆர்டர் வந்த பிறகு பதிவுசெய்து தரும் டிவிடிகளை விற்றது. அவை அச்சடித்த டிஸ்க்குகள் அல்ல, எழுதப்பட்டவை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும். தொடக்க கால வெளியீடுகளில் பெரும்பாலும் சப்டைட்டில் இல்லை. நாற்பதுகளின் நியூயார்க் கொச்சையை ஒரு துப்பறிவாளன் படபடவென்று பொரிந்து தள்ளும்போது சப்டைட்டில் இல்லாமல் நம்மில் பலருக்கும் பாதி புரியாது. வாங்குமுன் இதைக் கட்டாயம் பாருங்கள். அதே வார்னர் ஆர்க்கைவின் பிளூ-ரேக்கள் முறையாக அச்சடித்தவை. தரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

எதில் தொடங்குவது

நூறு படப் பட்டியலோடு தொடங்கியவர்கள் பத்தோடு ஓய்ந்துவிடுவார்கள். எட்டு போதும். என் எட்டு இவை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

'த மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இன்டெம்னிட்டி' (1944), 'லாரா' (1944), 'டீடூர்' (1945), 'த கில்லர்ஸ்' (1946), 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' (1947), 'இன் எ லோன்லி பிளேஸ்' (1950), 'கிஸ் மீ டெட்லி' (1955).

ஒன்றே ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் 'அவுட் ஆஃப் த பாஸ்ட்'. ஜாக் டூர்னூர் இயக்கம், நிக்கலஸ் முசுராக்கா ஒளிப்பதிவு, ராபர்ட் மிட்சமின் தூக்கம் வழியும் கண்கள். வார்னர் ஆர்க்கைவ் பிளூ-ரே வெளியிட்டிருக்கிறது. 'த பிக் ஸ்லீப்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

யார் வீட்டுச் சொத்து எது

இந்தப் பகுதி கொஞ்சம் நிலப்பத்திரம் படிப்பதுபோல இருக்கும். ஆனால் இதை ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொண்டால், ஒரு படம் நல்ல பிரதியாக வருமா வராதா, யாரிடமிருந்து வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பழைய படம் எடுத்த ஸ்டூடியோ வேறு, இன்று அதன் நெகட்டிவை வைத்திருப்பவர் வேறு. வார்னரிடம் சொந்தப் படங்கள் மட்டுமல்ல, 1986க்கு முந்தைய எம்ஜிஎம் படங்களும், அமெரிக்க அளவில் ஆர்கேஓ என்ற பழைய ஸ்டூடியோவின் படங்களும் இருக்கின்றன. நுவாரைப் பொறுத்தவரை இது பெரிய ஜமீன். 'அவுட் ஆஃப் த பாஸ்ட்', 'மர்டர், மை ஸ்வீட்' ஆர்கேஓ. 'த போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்', 'த அஸ்ஃபால்ட் ஜங்கிள்' எம்ஜிஎம். எல்லாம் ஒரே கிடங்கில்.

'டபுள் இன்டெம்னிட்டி' தொடக்கத்தில் பாராமவுண்டின் மலைச்சின்னம் வரும், டிஸ்க்கில் யூனிவர்சல் பெயர் இருக்கும். தவறு இல்லை. 1929 முதல் 1949 வரையிலான பாராமவுண்ட் பேசும்படங்களில் பெரும்பகுதி 1958இல் விற்கப்பட்டு, இன்று யூனிவர்சலிடம் இருக்கிறது. 'திஸ் கன் ஃபார் ஹயர்', 'த புளூ டாலியா' எல்லாம் அந்தக் கணக்கு. 1950இல் வந்த 'சன்செட் புலவார்ட்' மட்டும் பாராமவுண்டிலேயே தங்கிவிட்டது. ஓராண்டு முன்னால் வந்திருந்தால் வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

கொலம்பியாவின் 'கில்டா', 'இன் எ லோன்லி பிளேஸ்', 'த பிக் ஹீட்' சோனியிடம். ஃபாக்ஸின் 'லாரா', 'நைட்மேர் ஆலி', 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' 2019இல் ஃபாக்ஸோடு சேர்ந்து டிஸ்னிக்குப் போயின. யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்ட 'கிஸ் மீ டெட்லி', 'த கில்லிங்' எம்ஜிஎம் வழியாக அமேசானிடம்.

இவர்கள் எல்லோரும் பழைய படத்தைத் தாமே வெளியிடுவதில்லை. சிறு வெளியீட்டாளர்களுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். நீங்கள் நினைவில் வைக்கவேண்டிய பெயர்கள் சிலதான். அமெரிக்காவில் கிரைட்டீரியன், கினோ லார்பர், ஃபிளிக்கர் ஆலி, கிளாசிக்ஃபிளிக்ஸ். பிரிட்டனில் ஆரோ, இண்டிகேட்டர், யூரேகா, பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்). ஆஸ்திரேலியாவில் இம்ப்ரின்ட்.

கிரைட்டீரியன் 1984இல் லேசர்டிஸ்க் காலத்தில் தொடங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் முதுகில் எண் போடுவார்கள். அந்த எண்தான் ஆபத்து. 810 இருக்கிறது, 811 இல்லையே என்று கை அரிக்கும். பிடிக்காத படத்தையும் வாங்கவைக்கும். இண்டிகேட்டர் கொலம்பியா நுவார் படங்களை ஆறாறாகப் பெட்டி போட்டது, கூடவே கனமான புத்தகம். கினோ லார்பர் 2020 முதல் 'த டார்க் சைட் ஆஃப் சினிமா' என்று மூன்று மூன்று படமாகக் கொடுக்கிறது. அதில் இரண்டாம் தரப் படங்களும் கலந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த இரண்டாம் தரம்தான் பிடிக்கிறது. பெரிய நட்சத்திரம் இல்லாத எழுபது நிமிடப் படத்தில் செட்டுக்குக் காசில்லாமல் இருட்டை வைத்தே ஒப்பேற்றியிருப்பார்கள்.

ஃபிளிக்கர் ஆலி பெயரோடு சேர்த்து இன்னொரு பெயரும் தெரிந்திருக்கவேண்டும்: பழைய நுவார் படங்களை மீட்டெடுக்க எடி முல்லர் 2005இல் தொடங்கிய ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன். 'வுமன் ஆன் த ரன்' (1950) படத்துக்கு அமெரிக்காவில் எஞ்சியிருந்த பிரதி 2008 ஜூனில் யூனிவர்சல் வளாகத் தீயில் போய்விட்டது. பிறகு லண்டன் பிஎஃப்ஐயில் இருந்த மூலப்பொருளைக் கொண்டு மீட்டெடுத்தார்கள். 2016இல் அது டிஸ்க்காக வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் கணவனைத் தேடி அலையும் ஒரு பெண்ணின் கதை. வாங்கி வையுங்கள்.

ஐம்பது படம் ஒரே பெட்டியில்: தொடாதீர்கள்

1964க்கு முன் வந்த அமெரிக்கப் படத்துக்குக் காப்புரிமை முதலில் 28 ஆண்டு. அந்த 28ஆம் ஆண்டில் மனுப் போட்டுப் புதுப்பிக்கவேண்டும். சின்ன நிறுவனங்கள் அதற்குள் மூடிப்போயிருக்கும், அல்லது மறந்திருக்கும். அப்படிப் பொதுச்சொத்தான நுவார்கள் ஏராளம்: 'டீடூர்', 'டி.ஓ.ஏ.', ஃபிரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்', ஆர்சன் வெல்ஸின் 'த ஸ்ட்ரேஞ்சர்'. யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம். போட்டார்கள். தேய்ந்த 16 எம்எம் பிரிண்டிலிருந்து வீடியோ டேப், டேப்பிலிருந்து டிவிடி.

நான் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். எவருடையது என்பது வேண்டாம். அதில் 'த பிக் காம்போ' (1955) இருந்தது. ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு. கும்பல் தலைவன் தன் கூட்டாளி ஒருவனைச் சுடச் சொல்கிறான். அந்தக் கூட்டாளிக்குக் காது மந்தம், கருவி மாட்டியிருக்கிறான். சுடும் முன் தலைவன் அந்தக் கருவியைப் பிடுங்கிவிடுகிறான். அந்த நொடியில் படத்தின் ஒலியே நின்றுபோகிறது. துப்பாக்கி வாய்களில் நெருப்பு மட்டும் பொரிகிறது. சாகிறவனுக்குக் கேட்காதது நமக்கும் கேட்காது. என் பெட்டியில் அந்த இடத்தில் தாளிக்கும் எண்ணெய்போல ஒரு உஸ் சத்தம். பிரிண்டின் கீறல் ஒலி வேறு. நல்ல பிளூ-ரேயில் அதே காட்சியைப் பார்த்தபோது டிவி பழுதாகிவிட்டதோ என்று பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு அமைதி.

பொதுச்சொத்துப் படம் என்றால் நல்ல பிரதி கிடைக்காது என்று அர்த்தமில்லை. 'டீடூர்' வெறும் 68 நிமிடம், ஏழை ஸ்டூடியோ ஒன்று எடுத்தது. பல காலம் அழுக்குத் துணிபோலத்தான் பார்க்கக் கிடைத்தது. பெல்ஜிய ஆவணக்காப்பகத்தில் இருந்த பிரதியின் உதவியோடு, அதன் மேல் பொறித்திருந்த அயல்மொழி சப்டைட்டில்களைக் கணினியில் துடைத்து எடுத்து மீட்டார்கள். 2019இல் கிரைட்டீரியன் வெளியிட்டது. 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்', 'த ஸ்ட்ரேஞ்சர்' இரண்டையும் கினோ லார்பர் பதிப்பில் வாங்குங்கள்.

பின்னட்டையைப் படிக்கும் முறை

மருந்து வாங்கும்போது தேதி பார்ப்பதுபோல நான்கு விஷயம் பார்க்கவேண்டும்.

முதலில் மூலம். 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' என்ற சொல்லுக்கு ஒரு பைசா மதிப்பில்லை. எதையும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். 'ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து' என்று இருந்தால் அதுதான் முதல் தரம். 'நைட்ரேட் ஃபைன் கிரெய்ன்', அதாவது அந்த நெகட்டிவிலிருந்து எடுத்த நுண்மையான பிரதி, அடுத்தது. ஒன்றுமே சொல்லவில்லை என்றால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சட்டகம். 1953க்கு முந்தைய நுவார் படங்கள் எல்லாம் 1.37க்கு 1, அதாவது ஏறக்குறையச் சதுரம். இன்றைய டிவியில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை வரவேண்டும். 1946 படம் திரையை முழுக்க நிரப்பினால் தலையையும் காலையும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது முகத்தைச் சப்பாத்தியாக இழுத்திருக்கிறார்கள். அகலத்திரை 1953க்குப் பிறகு வந்த சங்கதி.

மூன்றாவது ஓடும் நேரம். ஐரோப்பிய டிவிடியில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். நொடிக்கு 24 சட்டகத்தை 25ஆக ஓட்டுவதால் வரும் வினை. 107 நிமிட 'டபுள் இன்டெம்னிட்டி' 103இல் முடிந்துவிடும். காட்சி எதையும் வெட்டவில்லை, குரல்தான் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். இந்தத் தொல்லை பிளூ-ரேயில் அநேகமாக இல்லை. நான்கு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தால் வெட்டுப்பட்ட பிரதி.

நான்காவது, நிறம். வண்ணம் பூசிய பதிப்பு என்றால் கீழே வைத்துவிடுங்கள். 'த அஸ்ஃபால்ட் ஜங்கிள்' படத்துக்கு எண்பதுகளில் இப்படி வண்ணம் அடித்தபோது, இயக்குநர் ஜான் ஹூஸ்டனின் வாரிசுகள் பிரான்ஸில் வழக்குப் போட்டு, 1991இல் அங்கத்திய உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் 1945இன் 'லீவ் ஹர் டு ஹெவன்' பிறவியிலேயே டெக்னிகலர். அதைத் தவறாக ஒதுக்கிவிடவேண்டாம்.

டிஸ்க் வந்து போட்டுப் பார்த்ததும் திரையில் மணல்போல நுண்புள்ளிகள் துடித்தால் பயப்படவேண்டாம். அது ஃபிலிமின் கிரெய்ன், இருக்கவேண்டியது. அதைத் துடைத்துச் சுத்தமாக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டினால் நடிகர்கள் மெழுகு பொம்மைகளாகிவிடுவார்கள்.

ஒரே படம், இரண்டு மூன்று உடல்கள்

'த பிக் ஸ்லீப்' 1945லேயே ஒரு வடிவில் முடிந்தது. போர் முடிவதற்குள் போர்ப் படங்களை விற்றுத் தீர்க்கவேண்டும் என்று வார்னர் இதை ஓரம் வைத்தது. இடையில் நாயகி லாரன் பகாலுக்குக் காட்சிகளைக் கூட்டி, கதையை விளக்கும் இடங்களைக் கழித்து 1946இல் விட்டார்கள். வெளியான படத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்பது புரியாது. ஆனால் நாயகன் போகார்ட்டும் பகாலும் பேசிக்கொள்வது தேன். வார்னர் டிஸ்க்கில் இரண்டு வடிவமும் இருக்கின்றன. 1946 வடிவத்தை முதலில் பாருங்கள், குழம்புங்கள், பிறகு மற்றதற்குப் போங்கள். எட்டில் இதைச் சேர்க்காததன் காரணமும் இந்தக் குழப்பம்தான். முதல் படமாக இதைப் பார்த்துவிட்டு ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

'டச் ஆஃப் ஈவில்' மூன்று வடிவம். வெல்ஸ் கையிலிருந்து படத்தைப் பிடுங்கி வெட்டினார்கள். அவர் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி மன்றாடினார். 1998இல் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மறுபடி தொகுத்தார். மூன்றும் சேர்ந்து இருக்கும் பதிப்பை மட்டும் வாங்குங்கள். 'கிஸ் மீ டெட்லி' படத்தின் கடைசி ஒரு நிமிடச் சொச்சம் பல காலம் காணாமல் இருந்து 1997இல் திரும்பிச் சேர்ந்தது. பழைய டேப்பில் பார்த்தவர்களும் புதிய டிஸ்க்கில் பார்த்தவர்களும் நாயகன் என்ன ஆனான் என்று சண்டைபோட்டால் இருவர் சொல்வதும் சரிதான்.

வாங்கும் நேரம், வாங்கும் வழி

முழு விலை கொடுக்காதீர்கள். கிரைட்டீரியன் பிளூ-ரேயின் அட்டை விலை 39.95 டாலர். ஜூலையிலும் நவம்பரிலும் அமெரிக்கப் புத்தகக் கடைகளில் பாதி விலைக்கு வரும். நவம்பர் நுவார் ரசிகர்களுக்குத் திருவிழா மாதமும்கூட. விரும்புபவற்றை ஆண்டு முழுக்கக் குறித்து வைத்து, அப்போது மொத்தமாக வாங்குங்கள்.

ஆனால் இத்தனை பிரதிதான் என்று எண்ணி அச்சிட்டு விற்பவற்றுக்கு இந்தப் பொறுமை ஆகாது. டுவைலைட் டைம் என்ற நிறுவனம் ஒரு படத்துக்கு 3000 பிரதி மட்டும் போடும் பழக்கம் வைத்திருந்தது. 2020இல் அது மூடியும்விட்டது. அந்த டிஸ்க்குகளுக்கு இன்று கேட்கும் விலையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். தவறவிட்டவற்றை அந்த விலைக்கு அவசரப்பட்டு வாங்காதீர்கள். படம் நல்லதென்றால் வேறொருவர் இன்னும் நல்ல பிரதியாகப் போடுவார். இதுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்து டிஸ்க்கின் விலையைத் தாண்டிவிடும். நான் கண்ட சிக்கனமான வழி பழைய வழிதான்: அங்கிருந்து வரும் உறவினர் பெட்டி. ஆறு ஏழு மாதத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள், அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பச் செய்யுங்கள். பருமனான பெட்டித் தொகுப்புகளைக் கேட்காதீர்கள். அடுத்தமுறை உங்கள் மாமியார் மகன் போனையே எடுக்கமாட்டார்.

பழைய டிஸ்க் வாங்கினால், வந்த அன்றே விளக்கொளியில் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். கீறலை விட மோசமானது விளிம்பிலிருந்து உள்ளே பரவும் மங்கல், வெண்கல நிறம். 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில பழுதாகக்கூடும் என்று வார்னரே 2025இல் ஒப்புக்கொண்டது. அவர்களுடைய நுவார் டிவிடித் தொகுப்புகளில் சில அந்த ஆண்டுகளில் வந்தவை. அவற்றை வாங்கினால் கடைசிக் காட்சி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கெடுவது பெரும்பாலும் படத்தின் பின்பாதியில்தான் முதலில் தெரியும்.

பார்க்கும் இடம்

டிவி கடையிலிருந்து வரும்போது 'விவிட்' நிலையில் வந்திருக்கும். அதில் கறுப்பு-வெள்ளைப் படம் நீலமாகத் தெரியும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நிலைக்கு மாற்றுங்கள், நிற வெப்பத்தை 'வார்ம்' வையுங்கள், அசைவை வழுவழுப்பாக்கும் வசதி என்ன பெயரில் இருந்தாலும் அணையுங்கள். அது இருந்தால் மிட்சம் சீரியல் நடிகர்போல நடப்பார். பிறகு டியூப்லைட்டை அணையுங்கள். இத்தனை காசு கொடுத்து வாங்கிய இருட்டின் மேல் டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் எல்லாம் வீண்.

சேமிப்பில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: நிற்கவைத்து அடுக்குங்கள், வெயில் படாத சுவர், டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சென்னைபோன்ற கடலோர ஊர் என்றால் டிஸ்க்கை விடச் சீக்கிரம் உள்ளே இருக்கும் காகிதப் புத்தகம்தான் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

இருப்பதை எல்லாம் ஃபோனில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்; தள்ளுபடி வேகத்தில் இருப்பதையே மறுபடி வாங்கிவிடுவோம். என்னிடம் 'லாரா' மூன்று இருக்கிறது. இரவல் போனவற்றுக்குத் தனியாக ஒரு நோட்டு. என் நோட்டில் முதல் வரி 'த பிக் ஹீட்', எதிரே மைத்துனர் பெயர், தேதி 2019 பொங்கல். போன மாதம் போய்க் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை என்றார். அவர் வீட்டில் பிளேயரே கிடையாது.